முன்னால் உட்கார ஓர் ஆள்

ஐந்நூற்றி இரண்டு. திரும்பவும் ஐந்நூற்றி இரண்டு. கம்ப்யூட்டரின் வெள்ளைத் திரை நடுவில் தடித்த எழுத்தில் நிற்கிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த ஆள் மாதிரி, அசையாமல். இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், தெரிந்துகொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையை இரண்டு புரோகிராமாய்ப் பிரித்து வைத்திருக்கிறேன், முன்னால் ஒருத்தன், உள்ளே ஒருத்தன். முன்னால் இருக்கிறவன் இருக்கிறான், அவன் மேல் குற்றம் இல்லை, உள்ளே குரல் கொடுத்துப் பார்த்தான், உள்ளே இருக்கிறவன் பதில் சொல்லவில்லை. உள்ளே இருக்கிறவன் செத்தானா தூங்கினானா என்பதை முன்னால் இருக்கிறவன் சொல்ல மாட்டான், ஐந்நூற்றி இரண்டு என்று மட்டும் சொல்வான். சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிச்சி தெருவில் இந்த ஒரு ஷட்டருக்குப் பின்னால்தான் மனுஷ வாடை இருக்கிறது, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறேன், அதன் அடி வழியாக வெயில் தரையில் ஒரு பட்டையாய் வந்து மேஜைக் காலைத் தொடுகிறது, மற்ற நாளில் அந்த இடத்தில் ஆயிரம் செருப்பு போகும், இன்றைக்கு ஒரு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பழைய சர்வர் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறியில் ஒரு இறக்கை விண்டுபோனது, நாலு சுற்றுக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமும், அது செருமும்போதெல்லாம் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன், சீ, என்ன பழக்கம். வாசல் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன், அதுதான் விஷயம். முன்னால் இருக்கிறவனிடம் எட்டாயிரத்து எண்பதில் போய்த் தட்டு என்று எழுதி வைத்துவிட்டு, உள்ளே இருக்கிறவனை எட்டாயிரத்தில் உட்கார்த்தி வைத்தால் எவன் பதில் சொல்வான்? சுவரில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான் பாவம். மாற்றினேன். திரும்ப எழுப்பினேன். ஐந்நூற்றி இரண்டு போய்விட்டது, கடை வந்தது. கோதண்டபாணி எலெக்ட்ரானிக்ஸ், பழைய சர்வர்கள், உதிரிகள், விலை பேசி வாங்கலாம். யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று போட்டிருப்பேன்.

உள்ளே இருப்பதை நேராகத் தெருவில் உட்கார வைக்கக் கூடாது என்பது எனக்கு முதலில் தெரியவில்லை. போன மாதம் அப்படித்தான் வைத்தேன், நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டியதும் மூச்சு முட்டி விழுந்தது. கணக்குப் போடத் தெரிந்தவனுக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாது. முன்னால் ஓர் ஆள் வேண்டும். வருகிறவனை உட்கார வைத்து, பூட்டுச் சாவி பார்த்து, படத்தைக் காட்டி, இதைத்தான் கேட்கிறீர்களா என்று கேட்டு, ஒவ்வொருத்தராய் உள்ளே அனுப்புகிற ஆள். சத்தம் போடாமல் பேசுகிற ஆள். பிறகு ஒரு பாடத்தில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அடப்பாவிகளா, இதற்கு இத்தனை பக்கமா, இதுக்குப் பேர் சிக்கந்தர் பாய். நடைபாதையில் கெபாசிட்டரைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த என்னை, கை நீட்டினால் அடித்துவிடுகிற கோபக்காரனை, வா ஒரு கடை எடுப்போம் என்று கூட்டிப் போனவர். எடுத்த அன்றைக்கே ஒரு பச்சைத் துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். "நீ திரைக்கு அந்தப் பக்கம் இரு கோதண்டம். சரக்கு உனக்குத் தெரியும், விலை உனக்குத் தெரியும். மனுசன் எனக்குத் தெரியும்." ஒருத்தன் வந்து பாதி விலைக்குக் கேட்பான், பாய் திரையை விலக்கிச் சொல்வார், நான் கத்துவேன், "அந்த விலைக்கு அவன் மாமியார் வீட்ல போய் கேக்கச் சொல்லு!" பாய் திரையை விட்டுவிட்டு அவனிடம் திரும்புவார். "முதலாளி யோசிக்கிறாரு சார். படிச்சவங்க நீங்க, ஒரு படி மேல ஏறி வாங்கன்றாரு." அவன் ஏறுவான், நான் இன்னொன்று கத்துவேன், அது வெளியே போகும்போது பன்னீர் தெளித்துப் போகும். வாங்கிக்கொண்டு போகிறவன் சொல்லிவிட்டுப் போவான், "உங்க முதலாளி ரொம்பத் தன்மையானவருங்க." நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அத்தனை வருஷமும் இந்தத் தெருவில் கோதண்டபாணி என்றால் தன்மையானவன். என்னைப் பார்க்காதவர்கள் எல்லாருக்கும்.

பாய்க்கு முட்டி போயிற்று. படி ஏற முடியவில்லை, தொழுகையில் மடக்க முடியவில்லை, மகள் வந்து அதிராம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், போகும்போது "பேசுடா" என்றார், "பேசுறேன்" என்றேன், அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் ஏன் பேச வேண்டும்? விட்டுவிட்டுப் போனவர் அவர். முதலில் வாய் திறக்கிறவன் இறங்க வேண்டி வரும், பேரத்தில் இது அரிச்சுவடி, அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், இப்போது இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் இருநூறு மைல். நான் திரையை விட்டு வெளியே வந்து முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாடிக்கைக்காரன், வருஷக்கணக்காய் வருகிறவன், என்னைப் பார்த்துக் கேட்டான், "முதலாளி இல்லையாப்பா? அந்த அமைதியான ஆளு?" நான்தான்யா என்றேன். நம்பவில்லை. அப்புறம் ஒரு விலை கேட்டான், நான் ஒரு பதில் சொன்னேன், நம்பாமலே எழுந்து போனான். அப்படி ஒவ்வொருத்தனாகப் போனார்கள். பக்கத்துக் கடை செல்போன் உறைக்காரன் நூல் விட்டுப் பார்க்கிறான், "தனியா எதுக்குண்ணே கஷ்டப்படுறீங்க, கடையைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க." நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நாளைக்கு. அதனால் இன்றைக்கு. போன வாரம் பாய்க்குச் செய்தி அனுப்பினேன், பேசவில்லை, எழுதி அனுப்பினேன், இறங்கியதாகாது. கடையைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை அஸர் தொழுதுட்டுப் பாரு, அங்கேருந்தே முன்கடையில உக்காரலாம், முட்டி மடக்க வேணாம். விலாசத்தை அடியில் போட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார். பதில் இல்லை. படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது யார் பாணி என்று எனக்குத் தெரியாதா? வந்தால் கடை இருக்கும். வராவிட்டால் நாளைக்கு உறைக்காரன் கையில் சாவி.

அவர் காலையில் ஷட்டரைத் தூக்கும் சத்தமே வேறு, பாதி தூக்கி நிறுத்தி, பிஸ்மி சொல்லி, மீதி தூக்குவார். ஊதுவத்தி ஏற்றுவதற்கு முன்னால், யாரும் வருவதற்கு முன்னால், பச்சைத் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டுவார், மேஜையில் எது கிடக்கிறதோ, ஹார்ட் டிஸ்க்கோ மதர்போர்டோ, அதைக் காட்டி முகத்தைப் பாவமாய் வைத்துக்கொண்டு, "ஒரு ரூபாய்க்குத் தர்றியா?" "முடியாது." "ஏழை பாய்க்கு. ஒரு ரூபாய்." "முடியாதுன்னேன்ல." "கடைசியா கேக்குறேன், ஒரே ரூபாய்." "வெளியே போ பாய்!" அவ்வளவுதான், அன்றைக்கு வரவேண்டிய கேடுகெட்ட விலையும் அன்றைக்கு விழவேண்டிய வசவும் நம் ஆளுக்குள்ளேயே கழிந்தது, இனி வருகிறவனெல்லாம் நல்ல விலை கேட்பான், கோதண்டத்துக்கும் கோபம் தீர்ந்தது என்பார். கண்ணேறு கழிப்பது மாதிரி. பூசணிக்காய்க்குப் பதில் பாய். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிப் போயிற்று, மூன்றாவது தடவை கேட்டதும் என்னால் கத்த முடியவில்லை, கையை ஆட்டினேன். அவர் நகரவில்லை. "சொல்லு, அப்பதான் போவேன்." காற்றாய்ச் சொன்னேன். போனார். பித்துக்குளி. இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கினால் நேராக வியாபாரம், கழிக்க ஆளில்லை, எல்லாம் வருகிறவன் தலையில் விழுகிறது.

வெயில் பட்டை மேஜைக் காலை விட்டு ஏறி ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடை திறந்துதான் இருக்கிறது, சரக்குக்கெல்லாம் படம் போட்டாயிற்று, முதல் சரக்காக, பரீட்சை பார்க்க, இந்தச் செருமுகிற பெட்டியையே போட்டேன், இதில்தான் கடையே ஓடுகிறது, இதையே விற்பனைக்கும் வைத்திருக்கிறேன், கேட்டால் எவனும் சிரிப்பான். விலை கேட்டால் சரி, முடியாது, இரண்டே பதில், பெட்டியே சொல்லிவிடும், முதலாளி நினைத்தால் மாற்றலாம். சரி என்றால் பொருளை நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று தானாகவே போகும், கொரியர்க்காரன் தூக்கிப் போட்டு உடைப்பதற்கு நான் சரக்கு வைத்திருக்கவில்லை. யார் வருகிறார்கள் என்று ஒரு ஓரத்தில் வரி வரியாய் ஓடும், வந்தவனின் எண், தட்டிய பொருள். முதல் வரி வந்தது. வந்துவிட்டார் என்று எழுந்தேவிட்டேன். எண்ணைப் பார்த்தேன். நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. இந்தத் தொழிலில் கால் வைத்தவனுக்கு முதல் நாளே தெரிகிற எண், எந்த இயந்திரமும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற எண். நான். என் வீடு. சரி, நான்தான் திறந்து பார்த்தேனோ என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரி. நான். மூன்றாவது. நான். தொட்டேனா? கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், ஒன்றையும் தொடாமல் பார்த்தேன், மறுபடி ஒரு வரி, நான். யாரோ வருகிறார்கள், பொருளைப் பார்க்கிறார்கள், விலையைத் தடவுகிறார்கள், ஊரிலிருந்தோ பட்டணத்திலிருந்தோ, கதவைத் தாண்டி வந்ததும் எல்லாருக்கும் என் முகம் ஒட்டிக்கொள்கிறது. ஐம்பத்திநாலு வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நினைக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவனுக்கு அறை முழுக்கத் தன் குரலே கேட்குமே, அப்படி. வரி வரியாய் நான் வந்து என்னிடம் ஒன்றும் வாங்காமல் போகிறேன். பெட்டி செருமியது. திரும்பிப் பார்த்தேன். பச்சைத் திரை தொங்குகிறது.

ஷட்டரில் தடால் என்று ஒரு அடி. அடியில் குனிந்து ஒரு முகம், வளாகத்துக் காவல்காரர் முத்தையா, காலையில் அவரிடம்தான் போனில் விலாசத்தைப் போட்டுக் கொடுத்து, மாடியிலிருந்து திறந்து பாருய்யா என்று சொல்லியிருந்தேன். "சார், இருக்கீங்களா? உங்க கடை என்னா சார் மருவாத இல்லாம பேசுது?" "என்னய்யா?" "வெளியே போங்குது சார். திறந்ததுமே. வணக்கம் கூட சொல்லல." போனை ஷட்டருக்கு அடியில் நீட்டினார். கறுப்புத் திரையில் சிவப்பாய், நானே எழுதி வைத்த இரண்டு சொல். வெளியே போ. "என்ன விலை கேட்டே?" "விலையா? நான் ஒண்ணையும் அமுக்கல சார். தொட்டதும் தொரத்துது. என் சம்சாரம்கூட ஒரு வாய் காபி குடுத்துட்டுத்தான் தொரத்துவா." போய்யா, அப்புறம் பார்க்கலாம் என்றேன். என் திரையில் திறந்தேன். வெளியே போ. என் பெட்டி, என் கடை, நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், என்னையே வெளியே போ என்கிறது. இரண்டு வினாடி ஆகவில்லை, விளங்கிவிட்டது. நான் வைத்த விதி அது. எவனாவது அடிமாட்டு விலை கேட்டால் முடியாது என்று சொல், இன்னொரு தடவை கேட்டாலும் சொல், மூன்றாவது தடவை கேட்டானானால் அவன் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே தள்ளு, அந்த எண்ணுக்கு இனிமேல் கதவு கிடையாது. கடையில் கழுத்தைப் பிடிக்க முடியாத குறைக்கு எழுதியது, எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டே எழுதினேன், நன்றாக இருந்தது. எவனோ ஒருத்தன் மூன்று தடவை கேட்டிருக்கிறான். அவனைத் தள்ளப் போய், அவன் எண்ணும் என் எண், என் எண்ணும் என் எண், ஊர் முழுக்க என் எண், மொத்தக் கடையும் ஒரே கழுத்தாய்ப் பிடித்து வெளியே தள்ளப்பட்டுவிட்டது.

எவன்டா அவன். வாய்விட்டே கத்தினேன், ஷட்டருக்கு வெளியே முத்தையா இருமுகிற சத்தம் கேட்டது, கேட்கட்டும். திறந்த முதல் நாள், முதல் வாடிக்கை, விளங்குமா? எந்தச் சரக்கு, என்ன விலை, பார்க்கிறேன் என்று வரிகளை மேலே தள்ளினேன். இந்தப் பெட்டி. முதல் சரக்கு. ஒரு ரூபாய், முடியாது. ஒரு ரூபாய், முடியாது. ஒரு ரூபாய், வெளியே போ. திரும்பப் படித்தேன். வெயில் பட்டை ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டிருந்தது. அஸர், பிற்பகல் தொழுகை, முடிந்திருக்கும். மூன்று என்று நான் ஏன் எழுதினேன்? நாலு என்று எழுதியிருக்கலாம், ஒன்று என்று எழுதியிருக்கலாம், என் குணத்துக்கு ஒன்றுதான் சரி, விரல் மூன்று என்று அடித்தபோது ஏன் என்று கேட்கவில்லையே நான். வந்தார். மகள் வீட்டு மாடியிலோ முற்றத்திலோ நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் தட்டி, ஊதுவத்திக்கு முன்னால் வந்தார். அதற்கு நான் சொன்ன பதில் இது. சிரித்திருப்பார், கட்டாயம் சிரித்திருப்பார், கோதண்டம் அப்படியே இருக்கான் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அப்புறம் வழக்கம்போல முன்கடைக்குப் போய் உட்காரலாம் என்று மறுபடி தட்டியிருப்பார். வெளியே போ. இது கணக்கில் இல்லையே. மறுபடி தட்டியிருப்பார். வெளியே போ. எத்தனை தடவை தட்டினார் என்று பார்க்கலாம், வரிகள் இருக்கின்றன, நான் பார்க்கவில்லை. எந்த இடத்தில் சிரிப்பு நின்றிருக்கும்? போனை எடுத்தேன். என்ன சொல்வது, பாய், அது நான் சொன்னதில்லை, பெட்டி சொன்னது? எது நான் சொன்னது, எது பெட்டி சொன்னது? வைத்துவிட்டேன்.

கை தானாக வேலையில் இறங்கியது, கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் எனக்குக் கை ஓடும். குற்றம் முன்னால் இருக்கிறவனுடையது, இல்லை, அவனுக்கு நான் சொல்லித் தராதது. அவன் விலையை மட்டும் உள்ளே கொண்டுபோகிறான், கேட்டவன் யார் என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கிறவன் முன்னால் இருக்கிறவன் முகத்தை மட்டும்தான் பார்ப்பான், ஆகவே எல்லாம் இவனே கேட்கிறான் என்று நினைத்துக்கொள்கிறான். பாய் ஒரு நாளும் வெறும் விலையைக் கொண்டு உள்ளே வந்ததில்லை. "வேலூர் ஆளு, காலேஜுக்கு வாங்குறான், செருப்பு தேஞ்சிருக்கு கோதண்டம், நெசமாவே வேணும்." "இவன் சும்மா நோட்டம் பாக்குறான், கத்து." ஆளைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார், அந்த ஒரு வரி இல்லாமல் நான் எத்தனை பேரைத் தள்ளியிருப்பேன். அந்த ஒரு வரி. அதைத்தான் எழுதினேன், வந்தவனின் எண்ணை நெற்றியில் ஒட்டி உள்ளே அனுப்பு என்று முன்னால் இருக்கிறவனுக்கு ஒரு வரி, முன்னால் இருக்கிறவன் ஒட்டி அனுப்புகிற எண்ணைப் பார், அவன் முகத்தைப் பார்க்காதே என்று உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு வரி. துரத்தப்பட்டவர்கள் பட்டியலில் ஒரே ஒரு எண் கிடந்தது, அதை அழித்து என்னை உள்ளே விட்டேன். விதியை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன், எவனுக்கோ பயந்துகொண்டு விதியை எடுக்கிறவன் வியாபாரம் பண்ண முடியாது. எழுப்பினேன். "முத்தையா! இப்பத் திறந்து பாருய்யா!" ஒரு வரி ஓடியது. அந்த எண் நான் இல்லை. நீளமாய், அறிமுகமில்லாத, வேறு ஒரு எண். "வந்துடுச்சு சார்! இப்ப மருவாதயா இருக்கு!" முத்தையாவின் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் படியேறிப் போகும் சத்தம் மறையும்வரை.

அப்புறம் ஒன்றும் இல்லை. பிளாஸ்க்கில் இருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது, அதைக் குடித்தேன். ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, விளக்குக் கம்பத்தின் வெள்ளையாகிக்கொண்டிருக்கிறது. உறைக்காரன் நாளைக்கு பத்து மணிக்கு வருவான், அண்ணே என்பான். நடைபாதையில் கூறு கட்டிய காலத்தில் சாயங்காலம் எல்லாரும் போனபிறகு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன், கடைசியாக ஒருத்தன் வருவான் என்று, வந்தாலும் வராவிட்டாலும், துணியைச் சுருட்ட மனசு வராது. வரி ஓடியது. புது எண். முத்தையா இல்லை, நான் இல்லை. இந்தப் பெட்டியைத் தொட்டது. நின்றது. ஒரு ரூபாய். பெட்டி முந்திக்கொண்டு முடியாது என்றுவிட்டது. பச்சைத் திரையைத் திரும்பிப் பார்த்தேன், மடத்தனம், திரைக்கு அந்தப் பக்கம் காலி ஸ்டூல்தான். ஒரு ரூபாய். முடியாது. ஐயோ, இப்போதுதான் உறைத்தது, இப்போது எண் சரியாக வருகிறது, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, மூன்றாவது தடவை கேட்டதும் ஊரில் எல்லாரையும் விட்டுவிட்டு அவரை மட்டும், சரியாக அவரை மட்டும், தள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்து அதைத்தான் சரிசெய்திருக்கிறேன். விதியை எடுக்க வேண்டுமானால் கடையை நிறுத்தி எழுப்ப வேண்டும், நிறுத்தினால் ஐந்நூற்றி இரண்டு, கதவைச் சாத்திவிட்டேன் என்று எழுந்து போவார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவர் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார், முகத்தைப் பாவமாய் வைத்துக்கொள்ள. அந்த இடைவெளி இது. அந்த இடைவெளிக்குள் நான் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை, காத்திருப்பேன், கத்துவதற்கு. இரண்டாவது கேட்ட விலை இன்னும் மேஜையில் கிடக்கிறது, பெட்டி முடியாது என்றிருந்தாலும் முதலாளி மேலே கை வைக்கலாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கடையே ஓடுகிற பெட்டி. ஒரு ரூபாய்க்கு. இந்தத் தெருவில் கோதண்டபாணி இறங்கினான் என்று எவனும் சொன்னதில்லை. சரி என்பதில் விரலை வைத்தேன். அழுத்தினேன். பெட்டி ஒரு தடவை செருமியது, முன்னால் இருக்கிறவன் பதிலை எடுத்துக்கொண்டு போனான், என் வாயில் ஒரு நாளும் வராத அந்த வாக்கியத்தை, பன்னீர் தெளித்து: பொருளை நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்.